முப்பத்தோரு படங்களில் அடிமை

காபிஸ் பேரீச்சஞ்சோலையில் பெல்கெய்ரைத் தெரியாதவர் கிடையாது. சோலைக்கு வெளியிலும் அவரைப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. முதுகைத்தான் பார்த்திருப்பார்கள்.

கடைசிப் படம் போக முப்பத்தோரு படங்களில் நடித்தவர். முப்பத்தொன்றிலும் அடிமை. ரோமாபுரிக் கப்பலில் துடுப்பு வலித்திருக்கிறார். எகிப்து ராணிக்குச் சாமரம் வீசியிருக்கிறார். ரமலான் மாதத்துத் தொடர்களில் யாராவது ஒரு பணக்காரரின் ஒட்டகத்துக்குப் பின்னால் கை கட்டுண்டு நடந்திருக்கிறார். இத்தாலிக்காரர்கள் எடுத்த ஒரு படத்தில் ஒரே நாளில் இரண்டு முறை விற்கப்பட்டார். காலையில் விற்றது சரியாக வரவில்லை என்று மாலையில் மறுபடியும் விற்றார்கள்.

தெற்கே படம் எடுக்க வருகிறவர்களுக்கு எங்கள் மணல் வேண்டும், எங்கள் வெயில் வேண்டும், எங்கள் கறுத்த முதுகும் வேண்டும். மூன்றும் இங்கே தாராளமாகக் கிடைக்கும். சுல்தானாக நடிக்க மட்டும் தலைநகர் தூனிஸிலிருந்து ஆள் வருவார். பெல்கெய்ருக்கு இதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பேரீச்ச மரங்களுக்கு அடியில் மாதுளையும், மாதுளைக்கு அடியில் மருதாணியும் போட்டிருந்தார். அறுவடை இல்லாத மாதங்களில் அடிமையாகப் போவார். போய்வந்து சாயங்காலத் தேநீருக்கு உட்கார்ந்தால் அன்றைய சவுக்கடிகளை நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார்.

சிரிக்காத ஆள் ஒருத்தி உண்டு. அவர் மனைவி ஸாஸியா.

ஸாஸியா அவர் படங்களைப் பார்க்க மாட்டாள். ஒன்றே ஒன்றைப் பார்த்தாள், அதுவும் பாதி. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. பெல்கெய்ர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அவளையும் புதுப் போர்வை போர்த்திக்கொள்ளச் சொல்லி, காபிஸ் நகரத்துக் கொட்டகைக்குப் பகல் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். படத்தில் அவரைக் கல்லுடைக்கும் இடத்தில் கம்பத்தோடு கட்டி அடித்தார்கள். அடி பொய். அது ஸாஸியாவுக்கும் தெரியும். ஆனால் கட்டு பொய்யில்லை. அந்தக் கயிறு அறுத்த தடம் அவர் மணிக்கட்டில் இருப்பதை அவள் தினமும் ராத்திரி பார்த்திருக்கிறாள். ஆலிவ் எண்ணெய் தடவியிருக்கிறாள். அது எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் கண்ணால் கண்டாள். எழுந்து நின்றுவிட்டாள்.

"கையை அவுத்து விடுங்கடா, பாவிங்களா!"

கொட்டகையே சிரித்தது. யாரோ விசில் அடித்தான். "உக்காரும்மா, ரோமாபுரி ராஜா கோவிச்சுக்கப் போறாரு" என்றான் இன்னொருவன். ஸாஸியா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

பெல்கெய்ர் கூடப் போகவில்லை. அவருக்கு இருபத்து மூன்று வயது. தன்னைத் திரையில் முதல் முறையாகப் பார்க்கிறார். இன்னும் ஒரு காட்சி பாக்கியிருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார். வந்தபோது அவள் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேருந்தேறி ஊர் வந்து சேர்ந்தார்கள். முப்பத்தோரு படங்களில் வாங்கிய அடியெல்லாம் மறந்துபோகும், அந்தப் பேருந்து நிறுத்தம் மட்டும் மறக்காது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நன்றாக அவஸ்தைப்படட்டும் என்றுதான் எனக்கும் தோன்றும்.

அன்று சாயங்காலம் ஸாஸியா பெட்டியைத் திறந்து தன் சிவப்புத் தலைத்துணியை எடுத்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"கையை நீட்டு."

நீட்டினார்.

"இனிமே உன்னை யாரும் கட்டக் கூடாது. நீயே கட்டிக்கோ. எப்படின்னு சொல்லித் தர்றேன்."

அவள் சொல்லிக் கொடுத்த முடிச்சு ஆண்களுக்கு உரியது அல்ல. எங்கள் கூட்டத்துப் பெண்கள் மட்டும் போடுவது. அது வந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து தலைமுறைக்கு முன்னால் யாகூதா என்று ஒருத்தி ஒரு பெரிய வீட்டில் அடிமையாக இருந்தாள். பெல்கெய்ருக்கும் ஸாஸியாவுக்கும் அவள்தான் மூதாய், இருவரும் சொந்தம். ஸீதி கலஃப் தர்காவில் பத்திரம் எழுதுகிறவர் வந்து உட்காருகிறார், போய்க் கேட்கிறவர்களுக்கு விடுதலைச் சீட்டு எழுதித் தருகிறார் என்று அவள் காதில் விழுந்தது. இரண்டு நாள் நடந்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தாள். பத்திரக்காரர் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்றார்கள். பின்னாலேயே எஜமான் அனுப்பிய ஆட்கள் வந்து நின்றார்கள். தர்காக் கதவு வளையத்தைப் பிடித்திருக்கிறவரைத் தொடக் கூடாது, கை நழுவினால் இழுத்துப் போகலாம். அதுதான் அந்த இடத்து வழக்கம். மூன்று நாள் தூங்காமல் யார் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது? யாகூதா தலைத்துணியை அவிழ்த்தாள். தன் மணிக்கட்டைத் தானே வளையத்தோடு கட்டிக்கொண்டாள். அந்த ஆட்கள் அவள் தூங்கும்போது முடிச்சை இழுத்துப் பார்த்தார்கள். இழுக்க இழுக்க இறுகியது. வெளியே தெரிகிற நுனிகள் எல்லாம் இறுக்குகிற நுனிகள். அவிழ்க்கிற நுனி அவள் உள்ளங்கைக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை சீட்டு கைக்கு வந்த பிறகு, சுண்டு விரலால் அதை ஒரு சுண்டு சுண்டினாள். துணி கீழே விழுந்தது.

இன்றைக்கும் எங்கள் பெண்களுக்குக் கல்யாணம் என்றால் மருதாணி இடும் நாள் காலையில் தர்காவுக்கு அழைத்துப் போவோம். மணப்பெண் தன் கையை வளையத்தோடு கட்டிக்கொள்வாள். "யாரு கட்டினது?" என்று பெண்கள் கேட்பார்கள். "நான்தான்" என்பாள். "யாரு அவுப்பா?" "நான்தான்." உதவுகிறேன் என்று யாராவது கையை நீட்டினால் அந்தக் கையில் அடி விழும். பெல்கெய்ர் மாப்பிள்ளையாக எட்ட நின்று பார்த்தபோது ஸாஸியா வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள் என்பார்கள். அவருக்கு வியர்த்துக் கொட்டியதாம்.

அந்த முடிச்சைத்தான் அவள் சினிமாவுக்குக் கொடுத்தனுப்பினாள். கொடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

"உன் கட்டை நீயே அவுக்கிற படம் ஒண்ணு வந்தா, அன்னைக்குக் கூப்பிடு. வர்றேன். அதுவரைக்கும் கொட்டகைப் பேச்சை எங்கிட்ட எடுக்காத, மனுஷா."

நாற்பது வருஷம் அவர் எடுக்கவில்லை. அப்படி ஒரு படம் வரவும் இல்லை. பெல்கெய்ர் எல்லாப் படத்திலும் தன்னைத் தானே கட்டிக்கொண்டார். கூட நடிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். இடைவேளையில் தேநீர் குடிக்க, மூக்கைச் சொறிய, ஒன்றுக்குப் போக அது ரொம்ப வசதி. காமிரா திரும்பியதும் மறுபடி கட்டிக்கொண்டு அழுதால் போயிற்று.

அறுபத்து நான்காவது வயதில் முழங்கால் இரண்டும் மக்கர் செய்யத் தொடங்கின. அடிமை என்றால் மண்டியிடத்தான் வேண்டும், வேறு வேலை இல்லை. இன்னும் ஒரு படம், அதோடு சரி என்று அவர் முடிவு செய்திருந்த சமயத்தில்தான் அந்தப் படக்காரர்கள் வந்தார்கள். தூனிஸை ஆண்டு, அடிமைத்தனத்தை ஒழித்துக் கட்டளை போட்ட 'பே' என்ற பட்டம் கொண்ட மன்னரைப் பற்றிய படம். ஊரில் கேலிக்குக் குறைச்சலில்லை.

"சித்தப்பா, அடிமைத்தனத்தை ஒழிச்சிட்டா அப்புறம் உங்க பொழப்பு என்னாகும்?"

"முப்பத்தோரு தடவை கட்டிப் போட்டானுங்க. ஒரு தடவையாவது அவுத்து விடட்டுமே. உனக்கு ஏன்டா வயித்தெரிச்சல்?"

அவரைப் பார்த்ததும் இயக்குநர் ஸுஹைருக்குப் பிடித்துவிட்டது. கடைசிக் காட்சியில், அரண்மனை முற்றத்தில், மன்னர் ஒரு முதிய அடிமையின் கட்டைத் தம் கையால் அவிழ்க்கிறார். அந்த முதிய அடிமை நீங்கள்தான் என்று சொல்லிவிட்டார். பெல்கெய்ர் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்தால் முழங்கால் வலி யாருக்கு என்று கேட்கத் தோன்றும்.

"ஸாஸியா, இந்தத் தடவை என்னை அவுத்து விடுறாங்க!"

அவள் முற்றத்தில் மருதாணித் தூள் சலித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"யாரு அவுக்கிறா?"

"மன்னரே அவுக்கிறாரு. தன் கையால. ரொம்பக் கிட்டக் காட்டுவாங்களாம். மூஞ்சி கூட வருமாம்."

சல்லடை நின்றது.

"யாகூதாவை மன்னரா வந்து அவுத்து விட்டாரு?"

"சினிமாதானே, ஸாஸியா."

"சினிமாதான். நான் என்ன சொன்னேன்? நல்லா நடிச்சிட்டு வா." சல்லடை மறுபடி ஆடத் தொடங்கியது. "நாளைக்கு ரொட்டியோட முட்டை வைக்கட்டுமா, மீன் வைக்கட்டுமா?"

அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதில் சண்டை போட்டிருப்பார், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். மீனா முட்டையா என்று கேட்டால் என்ன செய்வது? இது கடைசிப் படம். இதற்கும் அவள் வரப்போவதில்லை.

மத்மாதா போகும் சாலையில் பலகையும் சுண்ணாம்பும் வைத்து அரண்மனை எழுப்பியிருந்தார்கள். முன்பக்கம் பளிங்கு, பின்பக்கம் முட்டுக்கொடுத்த கம்பு. எங்கள் ஊரிலிருந்து நாற்பது பேர் அடிமைகளாகப் போயிருந்தோம். ஸுஹைர் கெட்ட மனிதர் இல்லை, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சரித்திரத்தில் ஒரு பிசகும் வரக் கூடாது என்று தூனிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ரவுதா என்ற பேராசிரியையையும் கூட்டி வந்திருந்தார். கையில் தடித்த கோப்பு வைத்திருந்த அந்த அம்மா முதல் நாளே மன்னரின் பதக்கம் தப்பான பக்கம் குத்தியிருக்கிறது என்று இரண்டு மணி நேரம் படப்பிடிப்பை நிறுத்தினார். குல்லாவின் குஞ்சம் நீளம் என்று கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். மன்னராக நடித்த லுத்ஃபி நாட்டிலேயே பெயர் பெற்ற நடிகர், அவரே அந்த அம்மாவைக் கண்டால் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

பெல்கெய்ர் முறை வந்தபோது ஒப்பனைக்காரர் அவர் கையைப் பார்த்து அலுத்துக்கொண்டார். மருதாணி இலை பறித்துப் பறித்து நகமெல்லாம் செங்கல் நிறம். ஒவ்வொரு படத்திலும் அதன் மேல் மண்ணைப் பூசி மறைப்பதுதான் வழக்கம்.

"மண்ணை எடுங்க" என்றார் ரவுதா. "காபிஸ் சோலையில வேலை பார்த்த அடிமைக்கு நகம் சிவக்காம வேற எப்படி இருக்கும்? அது அப்படியே இருக்கட்டும்."

முப்பத்தோரு படங்களில் யாரும் அவர் கையைச் சரியென்று சொன்னதில்லை. பெல்கெய்ருக்கு அந்த அம்மாவை அந்த நிமிஷத்திலேயே பிடித்துப்போனது.

ரவுதா பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பிடித்தார். பெல்கெய்ர் அதீக் தம்மூன். தம்மூனால் விடுவிக்கப்பட்டவர் என்று அர்த்தம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேரின் அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. விரல் அந்தப் பெயரில் நின்றது.

"சித்தப்பா, இந்த தம்மூன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னம்மா? எங்க யாகூதாவை இழுத்துட்டுப் போக ஆள் அனுப்பின புண்ணியவான்."

முழுக் கதையையும் சொன்னார். வளையம், மூன்று நாள், முடிச்சு எல்லாம். இழுத்துப் போக ஆள் அனுப்பியவர் பெயரை விடுவித்தவர் என்று எழுதி வைத்திருக்கிறார்களே, பதிவேடுகளுக்கு வெட்கமே கிடையாது. ரவுதா கேட்டு முடித்துக் கோப்பை மூடினார். நேராக ஸுஹைரிடம் போனார். அவர்கள் பேசியது முற்றம் முழுக்கக் கேட்டது.

"மன்னர் யாரோட கட்டையும் அவுக்கலை, ஸுஹைர். காகிதத்துல கையெழுத்துப் போட்டாரு. பெரிய காரியம்தான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா ஜனங்க அதுக்கு முன்னாலயே ஓட ஆரம்பிச்சுட்டாங்க. ஓடி வந்து நின்னவங்களுக்குத்தான் சீட்டு கிடைச்சுது."

"டாக்டர், ஆயிரம் பேர் ஓடினதை நான் எப்படிக் காட்டுவேன்? எனக்கு ரெண்டு ஜோடிக் கை வேணும். ஒண்ணு கட்டுண்டது, இன்னொண்ணு அவுக்கிறது. அவ்வளவுதான் சினிமா."

"அப்போ இது பொய்."

"பதக்கத்தை மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். குஞ்சத்தை வெட்டச் சொன்னீங்க, வெட்டினேன். என் கடைசிக் காட்சியை மட்டும் விட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

ரவுதா திரும்பி வந்தார். "தோத்துட்டேன் சித்தப்பா" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பெல்கெய்ர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. "குஞ்சம் இப்போ நல்லா இருக்கும்மா" என்றார்.

காமிரா ஓடியது. பெல்கெய்ர் மண்டியிட்டு, கட்டிய கைகளை நீட்டினார். லுத்ஃபி கம்பீரமாகக் குனிந்து, கண்ணில் கருணை பொங்க, முடிச்சைப் பிடித்து இழுத்தார்.

இறுகியது.

இன்னும் கொஞ்சம் கருணையோடு இழுத்தார். இன்னும் இறுகியது. நாற்பது வருஷப் பழக்கத்தில் பெல்கெய்ரின் கை தன்பாட்டுக்கு யாகூதா முடிச்சைப் போட்டு வைத்திருந்தது, அவருக்கே நினைவில்லை. பாவம் லுத்ஃபி, நெற்றியில் நரம்பு புடைக்க மல்லுக்கட்டினார், நகத்தால் கீறினார், கடைசியில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். எங்கள் நாற்பது பேருக்கும் விஷயம் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பது? ஒருவன் சிரித்தான், மொத்த முற்றமும் வெடித்தது.

"நிறுத்து, நிறுத்து!" ஸுஹைருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "என்ன முடிச்சு இது? வேற கட்டுங்க!"

உதவி இயக்குநர் பெண் ஓடி வந்து சாதாரணமாகக் கட்டினாள். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டாள். மறுபடி காமிரா. லுத்ஃபி அவிழ்த்தார், கயிறு ஒழுங்காகப் பிரிந்தது. இப்போது முதிய அடிமை நன்றியில் விம்ம வேண்டும். பெல்கெய்ர் அழுகைக்குப் பெயர் போனவர், சொன்ன நிமிஷத்தில் கண்ணீர் வரும். அன்று ஒரு சொட்டு வரவில்லை. மணிக்கட்டில் கயிறு அறுத்த இடம் சிவந்திருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவள் எண்ணெய் தடவிய அதே இடம்.

"பரவாயில்லை, இது போதும்" என்றார் ஸுஹைர்.

"ஐயா" என்றார் பெல்கெய்ர். "இன்னொரு தடவை எடுப்போம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தோரு படங்களில் அவர் இப்படிக் கேட்டது கிடையாது. எங்களில் யாருமே கேட்டது கிடையாது.

"கயிறு அறுக்குதுங்க, அதான் அழுகை வரலை. நானே கட்டிக்கிறேன். இந்தத் தடவை அவுந்துடும், என் பொறுப்பு."

"நிச்சயமா அவுருமா?"

"லுத்ஃபி ஐயா கை பட்டாப் போதும்."

கட்டிக்கொண்டார். இந்த முறை தெரிந்தே கட்டிக்கொண்டார். லுத்ஃபி முன்போல் சிக்கிக்கொள்வோமோ என்ற பயத்தில் மெதுவாக, கூசிக் கூசி விரலைக் கொண்டுவந்தார். விரல் நுனி கயிற்றில் பட்டதோ இல்லையோ, பெல்கெய்ர் உள்ளங்கைக்குள் சுண்டு விரலால் ஒரு சுண்டு சுண்டினார். கயிறு மொத்தமாகக் கீழே விழுந்தது. லுத்ஃபியின் கை அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தில் வந்த திகைப்பு நடிப்பு இல்லை. பெல்கெய்ர் அவரை நிமிர்ந்து பார்த்தார், அழவில்லை. அழுதது லுத்ஃபிதான்.

ஸுஹைர் ஓடி வந்து இருவரையும் கட்டிக்கொண்டார். "பார்த்தீங்களா டாக்டர்! மன்னர் தொட்டதும் விழுந்துச்சு! இதுக்கு மேல என்ன வேணும்?"

ரவுதா கீழே கிடந்த கயிற்றைப் பார்த்தார், பெல்கெய்ரின் கையைப் பார்த்தார். கோப்பைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார். லுத்ஃபி மட்டும் காதோரம் குனிந்து, "சித்தப்பா, நான் இழுக்கவே இல்லையே" என்றார்.

"தெரியும் ஐயா. யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

படம் வர ஒன்றரை வருஷம் ஆனது. காபிஸ் கலாசார மாளிகையில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த பிறகு சோலைக்காரர்களுக்கென்று ஒரு காட்சி வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க பெல்கெய்ருக்கு ஒரே கேள்வி. இரண்டாவது தடவை எடுத்ததைப் போட்டிருக்கிறார்களா, மூன்றாவதையா? தூனிஸில் யாரோ ஒருவர் கத்தரித்து ஒட்டியிருப்பார், அவருக்கு இரண்டும் ஒன்றுதான். வியாழக்கிழமை மாதுளை மரத்தடியில் ஸாஸியா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நாளைக்குப் படம்."

"ஊரே சொல்லுது."

"நானேதான் அவுத்தேன், ஸாஸியா. உன் முடிச்சைப் போட்டு, நானே அவுத்தேன். ஆனா மன்னர் அவுக்கிற மாதிரி இன்னொரு தடவையும் எடுத்தாங்க. எதைப் போட்டிருக்காங்கன்னு தெரியாது. நானே அவுத்ததைப் போட்டிருந்தாலும் பார்க்கிறவங்களுக்குத் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் மருதாணி இலையை உருவுவதை நிறுத்தவில்லை.

"தப்பானதைப் போட்டிருந்தா?"

"எழுந்து போயிடு. நானும் கூடவே வந்துடுறேன்."

கை நின்றது. அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வரலையே நீ."

"வரலை" என்றார் பெல்கெய்ர். "நாற்பது வருஷமா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தாள். சிவப்புத் தலைத்துணி, நைந்து போயிருந்தது, அதைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "இன்னும் என்ன பண்ற மனுஷா, பேருந்து போயிடும்" என்றாள்.

மாளிகையில் இடமில்லை. ஊரே வந்திருந்தது. நாலாவது வரிசையில் இரண்டு நாற்காலி விட்டுக் கொடுத்தார்கள். பதக்கம் சரியான பக்கத்தில் இருந்தது, குஞ்சம் சரியான நீளத்தில் இருந்தது. மன்னர் நிறையப் பேசினார். இரண்டு மணி நேரம் ஸாஸியா மடியில் கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பெல்கெய்ர் திரையைப் பார்த்ததை விட அவளைத்தான் அதிகம் பார்த்தார்.

கடைசியில் முற்றம் வந்தது. அவர் மண்டியிட்டார். முகம் வரவில்லை, காமிரா முதுகுப் பக்கம் இருந்தது. முகம் வரும் என்று சொன்னார்களே என்று அவருக்குச் சப்பென்று ஆனது. பிறகு திரை முழுக்க, சுவர் அகலத்துக்கு, இரண்டு கைகள் வந்தன. செங்கல் நிற நகங்கள். மணிக்கட்டில் கயிறு. மேலிருந்து மன்னரின் விரல்கள் இறங்கின. கயிறு விழுந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை. உடனே மன்னரின் முகம், கண்ணீர், இசை. மாளிகையே கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். மன்னருக்காக.

எது அது, இரண்டாவதா மூன்றாவதா? பெல்கெய்ருக்கே பிடிபடவில்லை. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஸாஸியா எழுந்து நின்றாள்.

"அவருதான் அவுத்தாரு!" நாற்பது வருஷத்துக்கு முந்தைய அதே குரல். கூரை வரை போனது. "சுண்டு விரலைப் பாருங்கடா! ராஜா தொடவே இல்லை. எம் புருஷன்தான் அவுத்துக்கிட்டாரு!"

மாளிகை சிரித்தது. பின்னால் யாரோ விசில் அடித்தான். "அக்கா, சரித்திரத்தை மாத்தாதீங்க!" என்றான் ஒருவன். ஆனால் எங்கள் பெண்கள் இருந்த பக்கம் யாரும் சிரிக்கவில்லை. "யாரு அவுத்தது?" என்று அங்கிருந்து ஒரு குரல் கேட்டது.

பெல்கெய்ருக்குக் கண் மறைத்தது. முழங்கால் இரண்டும் முனக, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டார். வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். இந்தத் தடவை கூடப் போவது என்று நேற்றே தீர்மானம் செய்தாகிவிட்டது.

ஸாஸியா அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உக்காரு மனுஷா" என்றாள். "பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது. படம் இன்னும் முடியல."